குச்சிக்கிழங்குக் கொழுந்து உருண்டு நிக்குது: குளவி விடறது யார் பொறுப்பு, யாரைப் பாக்கணும்?

கெங்கவல்லிக்காடு:

வணக்கங்க. சேலம் மாவட்டம் கெங்கவல்லி பக்கம் 3 ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி. முள்ளுவாடி ரகம், அஞ்சு மாசப் பயிர், மானாவாரி. பாதிக் காட்டுக்கு மேல கொழுந்து விரியாம முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு நிக்குது. கணுவெல்லாம் நெருங்கிப் போய் தண்டு கோணிக்கிச்சு. கொழுந்தைப் பிரிச்சுப் பாத்தா உள்ள வெள்ளை மாவு. அடி இலை கொட்டுது.

மருந்துக்கடையில ரெண்டு மருந்தைக் கலந்து வாரம் ஒருக்கா அடிக்கச் சொல்றாங்க. ஊர்ல சிலபேர் அந்தப் பூச்சியைக் கொல்ற குளவியை விட்டாப் போதும், மருந்தே வேண்டாங்கறாங்க. அதை எங்க வாங்கறதுன்னு விசாரிச்சா ஏத்தாப்பூர், சந்தியூர், தோட்டக்கலை ஆபீஸ், பெங்களூருன்னு ஆளுக்கொரு பேர் வருது.

இதுல யார் எந்த வேலையைப் பாக்கறாங்க, நான் முதல்ல எங்க போகணும்? பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தடிச்சா குளவி நிக்குமா? அடுத்த பட்டத்துக்கு நாமக்கல் பக்கமிருந்து விதைக்குச்சி வாங்கறதா இருக்கேன், அது சரியா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பூதக்கண்ணாடி:

அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அது எந்த மாவுப்பூச்சி என்று பார்க்க வேண்டும். மரவள்ளியில் சேலம் பக்கம் பல மாவுப்பூச்சிகள் வரும். ஒன்றுக்கு விடும் ஒட்டுண்ணிக் குளவி இன்னொன்றைத் தொடாது. ஆளை மாற்றி விட்டால் மாதக்கணக்கில் காத்திருந்தும் பலன் இராது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். கொழுந்தைப் பிரித்து, வளர்ந்த பெண் பூச்சியின் முதுகு மாவை மெல்லிய தூரிகையால் தள்ளிப் பாருங்கள். உடம்பு இளஞ்சிவப்பாக இருந்து, ஓரத்தில் நீளமான மெழுகு இழைகள் இல்லாவிட்டால் அது மரவள்ளி மாவுப்பூச்சி, பினோகாக்கஸ் மனிஹோட்டி. உடம்பு மஞ்சளாக இருந்து, நசுக்கினால் மஞ்சள் நீர் வந்தால் பப்பாளி மாவுப்பூச்சி, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். முதுகில் இரண்டு கருங்கோடும் பின்னால் இரண்டு நீண்ட வாலும் இருந்தால் அது வால் மாவுப்பூச்சி. அது வெகுகாலமாக இங்கே இருப்பது, இவ்வளவு சேதம் செய்யாது.

ஐயம் இருந்தால் நாலைந்து பூச்சிகளை 70 சத ஆல்கஹாலில் போட்டு மூடி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பப்பாளி மாவுப்பூச்சி நீலங்கலந்த கறுப்பாகிவிடும். காட்டைச் சுற்றிலும் ஒரு நடை போய்வருவதும் நல்லது. பப்பாளி, செம்பருத்தி, மல்பெரி, பார்த்தீனியம் எல்லாவற்றிலும் வெள்ளை படர்ந்திருந்தால் பப்பாளி மாவுப்பூச்சிக்கே வாய்ப்பு அதிகம். மரவள்ளியில் மட்டும் இருந்து, கொழுந்து நீங்கள் சொல்வதுபோல் உருண்டு, கணு நெருங்கித் தண்டு கோணியிருந்தால் அது மரவள்ளி மாவுப்பூச்சியின் கைவரிசை. சாறு உறிஞ்சும்போது அது செலுத்தும் நச்சு நீர்தான் கொழுந்தை அப்படி முறுக்குகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதுவாகத்தான் தெரிகிறது. ஆனாலும் லென்ஸில் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொன்று, மாவு பூசினாற்போல் இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி ஆகாது. அவற்றுக்கு நடுவே கொஞ்சம் பெரிதாக, இழை இழையாக மெழுகு தொங்க, தொட்டால் வேகமாக ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பது. ஸ்பால்ஜிஸ் என்ற சிறு பட்டாம்பூச்சியின் புழுவும் மாவுக்குள்ளேயே கிடந்து மேயும். அதன் கூட்டுப்புழு இலைமேல் குட்டிக் குரங்கு முகம் வரைந்து வைத்ததுபோல் ஒட்டியிருக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது. இவற்றைப் பார்த்துப் பயந்து மருந்தடிப்பவர்கள் நிறையப்பேர். அந்த வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஒன்றியத்துப்பக்கம்:

யார் எந்த வேலையைப் பாக்கறாங்கன்னு கேட்டீங்க. மேலிருந்து கீழ வரைக்கும் சொல்லிடறேன். அது புரிஞ்சா எந்த மேசையில எதைக் கேக்கறதுன்னு குழப்பம் வராது.

நாட்டுக்குள்ள வெளிப்பூச்சி நுழையாமப் பாக்கறது மத்திய அரசோட பயிர்ப் பாதுகாப்பு, தொற்றுத்தடை இயக்ககம். ஃபரீதாபாத்துல தலைமை, சென்னையில மண்டல நிலையம். 1914-ஆம் வருசச் சட்டமும் அதுக்குக் கீழ வந்த 2003 தாவரத் தொற்றுத்தடை ஆணையும் அவங்க கையில இருக்கு. வெளிநாட்டிலிருந்து நல்ல பூச்சியைக் கொண்டுவரவும் அதே இடத்துல அனுமதி வாங்கணும். கெட்டதுக்கும் நல்லதுக்கும் வாசல் ஒண்ணுதான்.

அந்த அனுமதியை வாங்கிக் குளவியைக் கொண்டுவர்றது பெங்களூருல இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. கொண்டுவந்ததும் நேராக் காட்டுல விடமாட்டாங்க. அடைப்பு ஆய்வகத்துல வெச்சு, கூடவே வேற ஏதும் ஒட்டிக்கிட்டு வந்துச்சா, குளவியையே தின்கிற இன்னொரு குளவி உள்ள இருக்கா, இங்க இருக்கிற நல்ல பூச்சிகளைத் தொடுதான்னு பாத்து, அதுக்கப்புறம்தான் விட அனுமதி.

தமிழ்நாட்டுக்கு இது ரெண்டாவது அனுபவம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல கோயம்புத்தூர்ல தெரிஞ்சுது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி மூணையும் அழிச்சுது. அமெரிக்க வேளாண் துறை உதவியோட போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூணு வகைக் குளவி 2010-ல பெங்களூருக்கு வந்துச்சு. அதுல அசிரோபேகஸ் பப்பாயேங்கறது நல்லாப் பரவி வேலையை முடிச்சுது. மல்பெரி இருந்ததால பட்டு வளர்ச்சித் துறையும் உள்ள வரவேண்டியிருந்துச்சு. மல்பெரியில மருந்தடிச்சா அந்த இலையைத் தின்கிற பட்டுப்புழு செத்துரும், அதனால அவங்களுக்குக் குளவியை விட்டா வேற வழியில்ல. அந்தத் துறையோட தலைமை அலுவலகம் சேலத்துலயே இருக்கறது இந்த மாவட்டத்துக்கு ஒரு வசதி.

இப்ப உங்க காட்டுல இருக்கறதா தெரியற மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவுல 2020-ல திருச்சூர்ல கண்டுபிடிச்சது. தென் அமெரிக்காப் பூச்சி. 1970-கள்ல ஆப்பிரிக்காவை ஆட்டிவெச்சுது, 2008-ல தாய்லாந்துக்கு வந்துச்சு. அனாகைரஸ் லோபெசிங்கற குளவியைப் பராகுவேயில 1981-ல கண்டெடுத்து ஆப்பிரிக்காவுல விட்டு அடக்குனாங்க. அதே குளவியைத்தான் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு ஆய்வு நிலையத்திலிருந்து 2021-ல பெங்களூருக்குக் கொண்டுவந்து, 2022 மார்ச் 7-ஆம் தேதி ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல முதல்ல விட்டாங்க. நாட்டிலேயே முதல் விடுகை உங்க மாவட்டத்துல நடந்திருக்கு. அதனாலதான் எல்லாரும் ஏத்தாப்பூர் பேரைச் சொல்றாங்க.

ஏத்தாப்பூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடது. பெங்களூரிலிருந்து வர்ற தாய்க் குளவிகளை வாங்கிப் பெருக்கறது, பூச்சியை அடையாளம் சொல்றது, பரிந்துரை தர்றது அவங்க வேலை. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும் பல்கலைக்கழகத்தோடதுதான். செயல்விளக்கம், பயிற்சி அங்க. ஊர் ஊராக் கணக்கெடுக்கறது, யாருக்கு எவ்வளவு குளவின்னு பட்டியல் போடறது, மானியம் எல்லாம் தோட்டக்கலை, மலைப்பயிர்கள் துறை. உங்க ஒன்றியத்துல தோட்டக்கலை உதவி இயக்குநர்னு ஒருத்தர் இருப்பார், அவருக்குக் கீழ உதவி தோட்டக்கலை அலுவலர் உங்க ஊருக்கு வருவார்.

இங்கதான் பலபேர் தடுமாறறாங்க. மரவள்ளி தமிழ்நாட்டுல தோட்டக்கலைப் பயிர். வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துல மனு கொடுத்தா அது ரெண்டு வாரம் மேசையில கிடந்துட்டு "உரிய துறையை அணுகவும்"னு திரும்பி வரும். முதல்ல போகவேண்டிய இடம் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். ஏத்தாப்பூருக்கு நேராப் போனாலும் யாரும் விரட்டமாட்டாங்க. ஆனா உங்க காடு தோட்டக்கலைக் கணக்குல ஏறலைன்னா, அடுத்த சுற்றுல குளவி எந்த ஊருக்குப் போகணும்னு முடிவெடுக்கும்போது உங்க ஊர் பட்டியல்லயே இருக்காது. ரெண்டு பக்கமும் சொல்லிவைங்க.

மனுவோட மாதிரி கொண்டுபோங்க. தாக்கின கொழுந்து நாலஞ்சு, ஒரு சாண் நீளம் வெட்டிக் காகித உறையில போடுங்க. பாலித்தீன் பையில போட்டா வேர்த்து ஒரே நாள்ல அழுகிரும், அடையாளம் சொல்ல முடியாது. உறையை ஒரு மூடியுள்ள டப்பாவுல வைங்க, வழியில குஞ்சுகள் சிந்தக் கூடாது. சீட்டுல தேதி, ஊர், சர்வே எண், ரகம், பயிர் வயசு, விதைக்குச்சி எங்க வாங்கினது, கடைசியா என்ன மருந்து எந்தத் தேதியில அடிச்சது, எல்லாம் எழுதுங்க. கடைசி ரெண்டும்தான் முக்கியம். குச்சி வந்த ஊர் தெரிஞ்சா அந்த ஊரையும் போய்ப் பாப்பாங்க. மருந்தடிச்ச தேதி தெரிஞ்சாத்தான் குளவி எப்ப விடலாம்னு சொல்லமுடியும்.

இன்னும் ஒண்ணு. அடங்கல்ல, அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்குல, மரவள்ளின்னு ஏறியிருக்கான்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்டப் பாத்துக்குங்க. சேதக் கணக்கெடுப்புன்னு வந்தா தோட்டக்கலையும் வருவாய்த் துறையும் சேர்ந்துதான் வருவாங்க. அடங்கல்ல சோளம்னு இருந்து காட்டுல கிழங்கு நின்னா எந்தத் துறையாலயும் உதவமுடியாது. பயிர்க் காப்பீட்டுல தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி பங்கு 5 சதம் வரைக்கும். ஆனா அது பகுதி முழுக்க மகசூல் குறைஞ்சாத்தான் கிடைக்கும். உங்க ஒரு காட்டுச் சேதத்துக்குத் தனியா வராது.

சரளைமண்:

குளவி விஷயத்துல என் பங்குக்கு. மேல எழுதினவங்க சொன்ன ஒழுங்கெல்லாம் சரியா நடந்து, குளவி அடைச்ச குப்பியோட ஆள் காட்டுக்கு வந்தபிறகுதான் பாதி இடத்துல வேலை கெடுது. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மருந்து ஏன் நிக்கமாட்டேங்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்குங்க. இந்தப் பூச்சியில ஆணே கிடையாது. ஒவ்வொண்ணும் பெண், சேர்க்கை இல்லாமலே முட்டை வைக்கும், ஒரு பையில நானூறு ஐநூறு வரைக்கும். முட்டைப்பை மெழுகுக்குள்ள, மெழுகு சுருண்ட கொழுந்துக்குள்ள. தெளிப்பு அங்க எட்டாது. நூறுல தொண்ணூத்தொன்பது செத்து ஒண்ணு பிழைச்சாலும் ஒரு மாசத்துல பழையபடி ஆயிரும். ஆனா குளவி வெளியில பறக்கறது. மெழுகு கிடையாது, ஒளிய இடம் கிடையாது. ப்ரொபினோபாஸ், க்ளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் வகை எதை அடிச்சாலும் முதல்ல சாகறது அதுவும் பொறிவண்டும்தான். ரெண்டு மருந்தைக் கலந்து வாரம் ஒருக்கான்னு கடையில சொன்னதை தயவுசெஞ்சு செய்யாதீங்க. பூச்சிக்குக் காவல் போட்டமாதிரி ஆயிரும்.

குளவி ரொம்பச் சின்னது, ரெண்டு மில்லிமீட்டருக்கு உள்ள. மனுசனைக் கொட்டாது. இரண்டாம், மூணாம் பருவத்து மாவுப்பூச்சியாப் பாத்து உடம்புக்குள்ள ஒரு முட்டை வைக்கும். உள்ள புழு தின்னு வளர, மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பு நிறத்துல குட்டிப் பீப்பாய் மாதிரி இறுகிரும். அதுல வட்டமா ஓட்டை போட்டுக் குளவி வெளிய வரும். முட்டையிலிருந்து குளவி வர ரெண்டரை, மூணு வாரம்.

விடற நாளுக்குக் காலை வெயில் ஏறுறதுக்குள்ள இல்லைன்னா சாயங்காலம் பாத்துக்குங்க. உச்சி வெயில்ல குப்பியைத் திறந்தா காத்துல போயிரும். நல்லாத் தாக்கின செடியா, ஆனா இலை இன்னும் நிழல் தர்ற செடியாப் பாத்து, குப்பியைக் கொழுந்துக்குக் கீழ சாய்ச்சுக் கட்டி மூடியைத் திறந்து விட்டுருங்க. தட்டி உதறவேண்டாம், தானா ஏறி வரும். ஒரே இடத்துல எல்லாத்தையும் கொட்டாம காட்டுல நாலஞ்சு இடமாப் பிரிங்க. எத்தனை விடறதுங்கறதைத் தாக்குதலைப் பாத்து நிலையத்துக்காரங்க சொல்லுவாங்க, அதிகம் கேட்டு வாதாடவேண்டியதில்ல. அதுவே பெருகும். மாவுப்பூச்சியே இல்லாத காட்டுல முன்கூட்டி விட்டா முட்டை வைக்க இடமில்லாமப் போயிரும், அது வீண்.

எறும்பைப் பாருங்க. மாவுப்பூச்சி கழிக்கிற தேன்துளிக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவி கிட்ட வந்தாத் துரத்தும். எறும்புச் சாரை ஏறுற செடியில குப்பி கட்டாதீங்க. குப்பி கட்டற கயித்துல ஒரு விரல் அகலம் கிரீஸ் தடவினா எறும்பு குப்பிக்குள்ள போகாது.

விட்டபிறகு பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா காட்டைக் குறுக்கா நடந்து இருபது கொழுந்து பறிச்சுப் பிரிச்சுப் பாருங்க. ஓட்டை விழுந்த பழுப்புக்கூடு எத்தனைன்னு எண்ணிக் குறிச்சுவைங்க. முதல் தடவை ஒண்ணுமே தெரியாது. ரெண்டாம் தடவையில கூடு தெரிஞ்சாக் குளவி நிலைச்சிருச்சு. மூணாம் தடவையிலும் ஒண்ணுகூட இல்லைன்னா அலுவலகத்துக்குச் சொல்லி மறுபடி விடச் சொல்லணும். இந்தக் குறிப்பைத் தோட்டக்கலை அலுவலர்கிட்டக் கொடுத்தா அவங்களுக்கு அது பெரிய உதவி. விட்ட கணக்கு எந்த ஆபீஸ்லயும் இருக்கும், விட்டதுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கற கணக்கைக் காட்டுக்காரர்தான் தரமுடியும்.

உருண்ட கொழுந்தைக் கிள்ளி எரிக்கச் சொல்றது குளவி விடறதுக்கு முந்தி சரி. விட்டதுக்கு அப்புறம் எரிச்சாக் கூட்டோட குளவியும் எரியும். கிள்ளினதை வாய் அகலமான பழைய டப்பாவுல போட்டு, விளிம்பைச் சுத்திக் கிரீஸ் தடவி நிழல்ல வைங்க. குளவி பறந்து வந்துரும், மாவுப்பூச்சிக் குஞ்சு கிரீஸைத் தாண்டாது.

கடைசியா மண். இது அதிகம் பேர் பேசாத சங்கதி. பெரிய மாவுப்பூச்சியாக் கிடைச்சா இந்தக் குளவி பெண் முட்டை வைக்கும், சின்னதுல ஆண் முட்டை வைக்கும். சத்தில்லாத மணல், சரளை நிலத்துல செடி வாடிப்போய், பூச்சியும் சிறுத்து, பிறக்கறதுல ஆண் குளவி அதிகமாயிரும். பெருக்கம் நின்னுரும். ஆப்பிரிக்காவுல மண்ணு கெட்டு மூடாக்கும் இல்லாத நிலங்கள்ல குளவி சரியா வேலை செய்யாததுக்குக் காரணம் இதுதான்னு கண்டாங்க. கெங்கவல்லி மேட்டுக்காடெல்லாம் செவ்வல் சரளை. தொழுவுரமும் நிலத்துல இலைதழை மூடாக்கும் போடுங்க, அது பூச்சி மேலாண்மைக் கணக்குலயே சேரும்.

பக்கத்துக் காடு பத்திக் கேட்டீங்க. அவர் மருந்து உங்க காட்டு ஓரத்துக் குளவியைக் கொல்லும், நடுவுல இருக்கறது பிழைக்கும். அதனால குப்பியை அவர் வரப்பிலிருந்து எவ்வளவு தள்ளமுடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுங்க. அடிச்சே ஆகணும்னு நின்னாருன்னா வேப்பெண்ணெய் சார்ந்த அசாடிராக்டின் 1500 பிபிஎம் லிட்டருக்கு 5 மில்லின்னு அடிக்கச் சொல்லிப் பாருங்க. குளவிக்கு அது அவ்வளவு கேடில்ல. தனித்தனியா மனுக் கொடுக்கறதைவிட ஊர்ல கிழங்கு போட்ட எல்லாரும் ஒரே மனுவாக் கொடுத்தா அலுவலர் ஊர்க் கூட்டமாவே வெச்சு எல்லாருக்கும் சொல்லுவார். குளவிக்கு வரப்பு தெரியாது, ஊர் முழுக்கச் சேர்ந்தாத்தான் நிக்கும்.

கெங்கவல்லிக்காடு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். லென்ஸ்ல பாத்தேன், இளஞ்சிவப்புதான், ஓரத்துல இழை இல்ல. பக்கத்துல பப்பாளி மரம் சுத்தமா இருக்கு. அப்ப விதைக்குச்சி விஷயம்? நாமக்கல்காரர் லாரியிலயே கொண்டுவந்து இறக்கறேங்கறார்.

பூதக்கண்ணாடி:

இந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் போனது பெரும்பாலும் அந்த லாரியில்தான். காற்றும் குஞ்சுகளைத் தூக்கிப் போகும், ஆனால் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரே இரவில் தாண்டுவது குச்சிக்கட்டால்தான் முடியும். சேலம், நாமக்கல், தர்மபுரி, கள்ளக்குறிச்சி என்று குச்சி நாலாபக்கமும் போய்வருகிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு போகும் தடமும் ஏறக்குறைய இதுவே.

துறைகளின் ஒத்துழைப்பில் மெலிந்த இடமும் இதுவே என்பது என் எண்ணம். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் தொற்றுத்தடை அலுவலர் நிற்கிறார். ஆத்தூர் சாலையில் குச்சி லாரியைப் பார்க்க யாரும் இல்லை. சட்டம் இல்லாமல் இல்லை. 1919-ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சி நோய்ச் சட்டப்படி மாநில அரசு ஒரு பூச்சியையும் ஒரு பகுதியையும் அறிவிக்கை செய்தால், அங்கிருந்து செடி, குச்சி போவதைத் தடுக்கலாம், நிலத்துக்காரர் இன்னதைச் செய்யவேண்டும் என்று உத்தரவிடலாம். ஆனால் அறிவிக்கை வந்தால் சுத்தமான குச்சி வைத்திருப்பவரின் விற்பனையும் நின்றுபோகும், சோதிக்க ஆளும் வேண்டும். அதனால் எட்டிப் பிடிக்க வேண்டிய கடைசிக் கருவியாகவே அது இருக்கிறது. ஆக, சோதனைச் சாவடி உங்கள் காட்டு வாசலில்தான்.

வாங்குவதாக இருந்தால் லாரி ஏறுவதற்கு முன்னால் போய் நிற்கும் பயிரைப் பாருங்கள். வெட்டி அடுக்கிய குச்சியில் கொழுந்து இருக்காது, தாக்கின அடையாளமும் தெரியாது. கொழுந்து உருண்ட செடி காட்டில் ஒன்றிரண்டு இருந்தாலும் அந்தக் காட்டுக் குச்சி வேண்டாம். தேமல் நோய் கண்ட செடியும் வேண்டாம். எட்டு முதல் பத்து மாதச் செடியின் நடுத்தண்டில், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், எட்டுப் பத்துக் கணு உள்ள கரணையாக எடுக்க வேண்டும். 90-க்கு 90 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 கரணை பிடிக்கும், உங்கள் மூன்று ஏக்கருக்கு 15,000. இலை ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. கணு மொட்டின் இடுக்கில்தான் குஞ்சுகள் பதுங்கும்.

வந்த குச்சியை நிற்கும் பயிருக்கு அருகில் இறக்காதீர்கள். களத்தில் தனியாக இறக்கி, நனைத்து நடுங்கள். தாய்லாந்து வேளாண் துறை இதற்காகவே ஒரு முறை சொன்னது: தயாமீத்தாக்சாம் 25 சதக் குருணை 20 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம், கரணையை 5 முதல் 10 நிமிடம் மூழ்க வைப்பது. 200 லிட்டர் டிரம்முக்கு 40 கிராம் ஆகும். இங்கே எந்த மருந்து, எந்த அளவு என்பதை ஏத்தாப்பூரில் கேட்டு உறுதி செய்துகொண்டு செய்யுங்கள். நனைத்ததை நிழலில் உலர்த்தி நடவேண்டும். கையுறை கட்டாயம். மிஞ்சிய கரைசல் கிணற்றுக்கோ ஓடைக்கோ போகக் கூடாது. தண்ணீர் கலங்கிச் சேறானதும் புதிதாகக் கலக்க வேண்டும், சேற்றில் மருந்து ஒட்டிக்கொண்டு கரணைக்குப் போகாது. இப்படி நனைத்தால் முதல் ஒரு மாதத்துக்குக் காப்பு. அதற்குப் பிறகு குளவிக்கு வழிவிட்டுவிடலாம், இரண்டுக்கும் மோதல் இல்லை.

மிஞ்சிய குச்சியை வரப்பில் நட்டுவைக்கும் பழக்கம் இருக்கிறது. அது முளைத்து, கவனிப்பார் இல்லாமல், அடுத்த பட்டம் வரை பூச்சியைக் காப்பாற்றி வைக்கும். எரித்துவிடுங்கள்.

காப்பித்தோட்டம்:

ஏற்காட்டிலிருந்து ஒரு சந்தேகம், இதே இழையில கேட்டுக்கறேன். மலையில உண்ணிச்செடி தோட்டத்து ஓரமெல்லாம் மூடிக்கிடக்கு. அதுக்கும் தோட்டக்கலைதானா? அதுக்கு இந்தமாதிரிப் பூச்சி எதுவும் விடமாட்டாங்களா?

ஒன்றியத்துப்பக்கம்:

அதுக்கு வழி வேறங்க. யார் நிலம்னு பாத்துத்தான் துறை. காப்புக்காட்டுக்குள்ள இருந்தா வனத்துறை மட்டும். நல்ல எண்ணத்துல நாமளே போய் வெட்டினாலும் அது வனக்குற்றம் ஆயிரும். பட்டாத் தோட்டம்னா உங்க பொறுப்பு. சாலை ஓரம், புறம்போக்குன்னா ஊராட்சி, நெடுஞ்சாலை, வருவாய்னு பிரியும். தமிழ்நாட்டுல அயல் தாவரங்களுக்குன்னு 2022-ல தனிக் கொள்கையே வந்திருக்கு, அதை நடத்தறது வனத்துறை. தோட்டமும் காப்புக்காடும் ஒட்டியிருக்கிற எல்லையில நீங்க வெட்டற வருசமே அவங்களும் வெட்டணும்னு வனச்சரக அலுவலர்கிட்டப் பேசிக்குங்க. ஒருபக்கம் மட்டும் வெட்டினா பறவை மறுபக்கத்திலிருந்து விதையைக் கொண்டுவந்து போட்டுரும்.

பூச்சி விட்டுப் பாத்தாங்க. 1941-ல ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நாவாய்ப்பூச்சியைக் கொண்டுவந்தாங்க. அது இலையை உறிஞ்சுது, செடி மறுபடி துளிர்த்துக்கிச்சு. அதனால கைவேலைதான். மேல வெட்டினாப் பத்து கிளையா வரும். மண்ணுக்குக் கீழ 3 முதல் 5 சென்டிமீட்டர்ல ஆணிவேரை நீளக் கைப்பிடி மண்வெட்டியால அறுத்து, செடியைத் தலைகீழாக் கவுத்து வைக்கணும். வேர் மண்ணைத் தொட்டா மறுபடி பிடிச்சுக்கும். பழம் பழுக்கறதுக்கு முந்தி செய்ங்க. வெட்டின இடத்தைச் சும்மா விடாம உள்ளூர்ப் புல், செடி நடணும். அடுத்த ரெண்டு மூணு மழைக்கு நாத்து முளைக்கும், அதைக் கையால பிடுங்கணும்.

கெங்கவல்லிக்காடு:

நாளைக்கே உதவி இயக்குநர் ஆபீஸ் போறேன். மாதிரியை இன்னைக்குச் சாயங்காலமே வெட்டி வெச்சிரட்டுமா?

பூதக்கண்ணாடி:

வேண்டாம். காலையில் கிளம்பும்போது வெட்டுங்கள். உயிரோடிருந்தால்தான் அவர்கள் கொழுந்தைக் கூண்டில் வைத்து, ஏற்கெனவே குளவி உங்கள் காட்டுக்கு வந்திருக்கிறதா என்றும் பார்க்க முடியும். 2022-லிருந்து விட்டது தானாகப் பரவி வந்திருக்கவும் கூடும். அப்படி வந்திருந்தால் உங்களுக்குக் குப்பியே தேவைப்படாது, மருந்தை மட்டும் நிறுத்தினால் போதும். வெட்டும்போது கூடவே கொழுந்துக்குக் கீழே இரண்டாவது மூன்றாவது இலைகளையும் சேர்த்து எடுங்கள். பழுப்புக்கூடு இருந்தால் அங்கேதான் ஒட்டியிருக்கும்.